தொட்டிக் கேப்டன்

ஆண்களில் ஓர் இனம் உண்டு. குடிக்காது, சீட்டாடாது, வாய் தவறிக்கூட யாரையும் திட்டாது. "தங்கமான மனுஷன்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்களுக்கென்ன. அந்தத் தங்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து ரிமோட்டில் ஓடுகிற நீர்மூழ்கிக் கப்பல் கட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் தொட்டிக் கேப்டன். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. பெயர் வைக்கிற உரிமை அப்படி வந்ததுதான்.

அடையாளம் சொல்லட்டுமா? கட்டைவிரலில் காய்ந்த பசை. சாப்பாட்டு மேசையில் முக்கால்வாசி அதற்கு, மீதியில் நமக்குத் தட்டு. "கேஸ் தீர்ந்துபோச்சுங்க" என்றால் "ம்". "வீடு பத்திக்கிச்சுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் "ம், பாத்துக்கலாம்". ஆனால் கப்பலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், முகத்தில் விளக்கு எரியும். "நிஜக் கப்பல்ல இந்தப் பக்கம் முப்பத்தாறு ஆணி. நானும் முப்பத்தாறு வச்சிருக்கேன், எண்ணிப் பாருங்க!" நான் எண்ணவில்லை. என் அலமாரிக் கதவு இரண்டு ஆணி இல்லாமல் ஒரு வருஷமாகத் தொங்குகிறது, அதை மட்டும் எண்ணிவிட்டேன்.

கப்பல் என் தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். அதைக் கட்ட மூன்று வருஷம். கப்பலின் வயிற்றில் ஒரு குட்டித் தொட்டி, அதில் தண்ணீர் ஏற்றினால் முங்கும், பம்ப் வைத்து வெளியே தள்ளினால் மேலே வரும். முங்கினாலும் உச்சிக் குழாய் மட்டும் ஒரு விரல் உயரம் வெளியே தெரிய வேண்டுமாம். அதற்காக உள்ளே கிராம் கிராமாக எடை வைத்து, எங்கள் குளியலறைத் தொட்டியில் விட்டுப் பார்த்து, எடுத்து, துடைத்து, திரும்ப வைத்து, திரும்ப விட்டு... ஞாயிறு முழுக்க இதேதான். துவைக்க வேண்டிய துணி மூட்டையோடு நான் வாசலில் நிற்பேன். "தண்ணியக் கலக்கிடாதம்மா!" என்று உள்ளேயிருந்து ஆணை வரும்.

ஒரு நாள் குக்கர் வெயிட்டைக் காணோம். சமையலறையைத் தலைகீழாக்கித் தேடினேன்.

"ஏங்க, குக்கர் வெயிட்டப் பாத்தீங்களா?"

"உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

கப்பலைக் காட்டினார். "சரியா அந்த எடைதான் தேவைப்பட்டுச்சு. பசை போட்டு ஒட்டிட்டேன். இனி அசையாது."

என்ன சொல்வீர்கள்? நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெள்ளோட்டம் பூங்காக் குளத்தில் என்று முடிவானது. இவரைப் போன்றவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக் கேப்டன்கள் ஏழு பேரும் பார்க்க வருகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் எனக்கு ஒன்று உறுத்தியது.

"ஏங்க, நம்ம தொட்டியில இருக்கிறது போர்வெல் தண்ணி, வாயில வைக்க முடியாத உப்பு. சோப்பு போட்டா நுரைகூட வராது. அந்தக் குளம் மழைத் தண்ணி. உப்புத் தண்ணில மிதக்கிற முட்டை நல்ல தண்ணில முங்கிடும். கப்பலும் அப்படிக் குழாயோட முங்கிடாதா?"

சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "முட்டை வேற, நீர்மூழ்கி வேறம்மா. இதெல்லாம் உனக்குப் புரியாது. நாளைக்கு ஃபிளாஸ்க்ல டீ மட்டும் மறக்காம எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன்.

கப்பல் கரையை விட்டு அழகாகத்தான் போனது. பொத்தானை அழுத்தினார். முங்கியது. உச்சிக் குழாயும் சேர்ந்து முங்கியது. நாலு குமிழி வந்தது.

"அபாரமான டைவ் சார்!" என்றார் ஒரு கேப்டன்.

"சரி, மேல கொண்டு வாங்க சார்," என்றார் இன்னொருவர்.

இவர் அழுத்தினார். திரும்ப அழுத்தினார். "சிக்னல் கிடைக்கலைன்னா பம்ப் தானா ஓடி மேல தூக்கிடும். ஏற்பாடு பண்ணியிருக்கேன்," என்றார். காத்திருந்தோம். டீ தீர்ந்தது. அடியில் சேறு, பம்பின் வாயை அடைத்திருக்கும். கடைசியில் பேன்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு ஏறி வந்தார். மூன்று வருஷம். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. "நான் சொல்லல?" என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று நாள் புத்தகமும் கம்ப்யூட்டருமாக இருந்தார். நாலாம் நாள் சமையலறைக்கு வந்தார். குக்கர் வெயிட் இல்லாததால் வெறும் பாத்திரத்தில் பருப்பு வேகும் வேகத்தை நான் சபித்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஒரு விஷயம் தெரியுமா?" முகத்தில் அதே விளக்கு. "உப்புத் தண்ணிக்கு அடர்த்தி ஜாஸ்தி. நம்ம தொட்டில மிதந்தது குளத்துல மிதக்காது! எங்க சங்கத்துல ஒருத்தருக்குக்கூட இது தோணலை, பாரேன்!"

சொல்லிவிட்டு இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். ஒன்றில் உப்பைக் கொட்டினார். "உனக்குப் புரியற மாதிரியே காட்டறேன். இப்ப ஒரு முட்டைய எடு."

எடுத்துக் கொடுத்தேன். எறியவில்லை.

நீங்கள் அந்த இனம் இல்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? கப்பலாவது, ரிமோட்டாவது, நமக்கெங்கே நேரம் என்று? சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும்போது, "உப்பு மட்டும் காரணமில்லம்மா, தண்ணியோட சூட்டையும் பாக்கணும்" என்று எனக்கு விளக்க உங்கள் நாக்கு ஒரு நொடி துடித்திருந்தால், ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் குக்கர் வெயிட் எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.