வாசிக்காத மூன்றாவது ஓலை

மண்டி மொஹல்லா, மைசூரு
திங்கட்கிழமை

சேசுவின் நிழலில் வாழும் என் தங்கச்சியும் கொள்ளேகால் மடத்துக் கன்னியருமாகிய சிஸ்டர் லூசினா அவர்களுக்கு அண்ணன் சவரிநாதன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் மகள் அனுப்ரியாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கு தங்கள் மூட்டுவலி, மதர் அவர்களின் சர்க்கரை, மடத்துப் பசு யாவும் குணமாயிருக்க வேண்டுகிறேன். தாங்கள் வார்த்தைப்பாடு கொடுத்த நாள்முதல், கூடப்பிறந்தவளே ஆனாலும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார்கள். கோபத்தில் 'நீ' என்று வந்தால் பொறுத்துக்கொள்ளவும். இந்தக் கடிதத்தில் வரும்.

போனில் பேசலாமே என்பீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மடத்துக்கே கேட்கவைப்பவர் தாங்கள்.

தாங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தது அனுப்ரியா. உள்ளே என் கட்டைவிரல்கூட நுழையாத ஒரு ஜோடி மஞ்சள் கம்பளி சாக்ஸ். கூடவே தங்கள் கையெழுத்தில், "அண்ணா, நடந்தது நடந்துபோச்சு. சிசுவை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, மடத்துல நாங்க வளர்க்கிறோம்" என்று ஒரு சீட்டு. அவள் முதலில் சிரித்தாள். "அப்பா, அத்தைகிட்ட எனக்கு எத்தனாவது மாசம்னு சொல்லியிருக்காங்க?" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்து கூடம்வரை தண்ணீர் வந்தது. நான் கதவைத் தட்டவில்லை.

எந்தச் சிசு, தங்கச்சி? யார் வயிற்றுச் சிசு? கேட்பதற்கு ஒரு கார்டு போடக்கூடாதா நீ? அதற்குள் ஊசியும் நூலும் எடுத்துப் பின்ன உட்கார்ந்துவிட்டாயே!

நடந்தது இவ்வளவுதான். ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஏறுமுன் தள்ளுவண்டியில் சுருமுரிப் பொரி வாங்கித் தின்றிருக்கிறாள், வயிறு கெட்டு வாந்தி. அந்த வாரம் தெருக் குடும்பங்கள் கூடிச் சொல்லும் அன்பிய ஜெபமாலை எங்கள் வீட்டில். மாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டைச் சத்தமாகச் சொல்லும் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஆண்டவரே, கல்யாணம் நெருங்குது, என் மகளுக்கு வாந்தி நிக்கணும்" என்று வேண்டினேன். எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பவுலினம்மா மட்டும் ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஜெபம் பவுலினம்மா வீட்டில். அவள் கண்ணை மூடி, "பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, கல்யாணத்துக்கு முந்தியே வழி தவறிட்டா, மனசு திரும்பணும் சுவாமி" என்றாள். பெயர் சொல்லியிருந்தால் எழுந்து சண்டை போட்டிருப்பேன். பெயர் இல்லையே, யாரோ பெற்றவன் எப்படித் துடிக்கிறானோ என்று நானும் கண்ணில் தண்ணீர்விட்டு ஜெபித்தேன். பெற்ற மகளுக்கு எதிராக நானே ஆமென் சொன்னேன் தங்கச்சி! அந்த மன்றாட்டு அங்கிருந்து மாதா சபைக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி மார்டள்ளிக்குப் போய், மாப்பிள்ளை கவின்ராஜ் ஊர் மாதா கெபியில் 'கருவில் இருக்கும் மாசற்ற சிசுவுக்காக' என்று நின்றது. கடைசியில் உங்கள் மடத்தில் சாக்ஸாக முடிந்தது.

யாரும் புறணி பேசவில்லை. எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று எட்டாம் கட்டளையைச் சின்ன வயதில் ஒப்பித்தோமே, கையைக் கூப்பிக்கொண்டும் அதைச் சொல்லலாம் என்று உபதேசியார் நமக்குச் சொல்லித்தரவில்லையே. சேசுவையே பொய்ச்சாட்சி சொல்லித்தானே கொண்டுபோனார்கள். அது தெரிந்த ஜனங்கள்தானே இவர்கள்?

விஷயம் என் காதுக்கு வந்ததும் விட்டேனா? வீடு வீடாகப் போய், "என் பொண்ணு அப்படி இல்லை" என்று சொன்னேன். விஷயமே தெரியாத வீடுகளும் இருந்தன என்பது போன பிறகுதான் புரிந்தது. மாடிவீட்டுச் சித்தம்மா நம் கோயில் பக்கமே வராதவள். "எப்படி இல்ல சார்?" என்றாள். உட்காரவைத்துக் காபி கொடுத்து, முதலிலிருந்து முழுக்கக் கேட்டுக்கொண்டு, "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் பால்காரனும் என்னைப் பார்த்து "அய்யோ தேவரே" என்றான்.

கல்யாண ஓலையைப் பூசையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சாமியார் வாசித்து முடிக்கும்போதெல்லாம் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு, மாதா சபைக் கூட்டம், கல்லறை சுத்தம் செய்யும் நாள் எல்லாம் வாசித்தார், ஓலை வாசிக்கவில்லை. கோயில் மொத்தமும் திரும்பிப் பாடகர் வரிசையைப் பார்த்தது. என் மகள் கடைசிப் பாட்டுவரை நின்று பாடினாள். அதற்குப்பின் கோயிலுக்கு வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் என் போனை எடுப்பதில்லை.

அவள் அம்மா இருந்திருந்தால் மடியில் விழுந்து அழுதிருப்பாள். பஸ்ஸில் சீட் கிடைத்ததைக்கூட என்னிடம் வந்து சொல்கிற பிள்ளை. இப்போது 'சாப்பிட்டியாம்மா' என்றால் 'ம்' என்கிறாள். அவ்வளவுதான் இந்த வீட்டில் பேச்சு.

ஆகவே தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மார்டள்ளிக்கு ஒருநடை போய்ச் சம்பந்தியம்மாளிடம் உண்மையைச் சொல்லுங்கள். சிஸ்டர் வாயில் பொய் வராது என்று நம்புவார்கள். கல்யாணம் நடக்கட்டும், என் பிள்ளை பழையபடி பேசட்டும். சாக்ஸை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மதர் அவர்களுக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் என் வணக்கம். வானத்துச் சம்மனசுகள் உங்கள் மடத்தைக் காக்கட்டும், கொஞ்சம் எங்கள் வாசலிலும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் சவரிநாதன்

பி.கு.: இதை மடத்து மாலை ஜெபத்தில் வைக்கவும். பெயர் மட்டும் சொல்ல வேண்டாம்.

அத்தைக்கு அனுப்ரியா. அப்பா கவர் ஒட்டக் கொடுத்தார், படிச்சுட்டேன். பாட்டுப் புத்தகம் பார்த்துக் கத்துக்கிட்ட தமிழ், தப்பிருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மார்டள்ளிக்குப் போகாதீங்க. அவங்க வேண்டாம்னு சொல்லலை. கவின்ராஜ் போன் பண்ணி, "நெசமா?"ன்னு கேட்டார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை, மறுபடியும் கேட்டார். ஓலையை வாசிக்க வேண்டாம்னு சாமியார்கிட்ட சொன்னது நான்தான். தெரிஞ்சேதான் நின்னு பாடினேன். சாக்ஸை கவர்ல இருந்து எடுத்து பீரோவுல வெச்சுக்கிட்டேன், அழகா இருக்கு. ஒண்ணே ஒண்ணு, அப்பாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. முந்தி எல்லாத்தையும் அவர்கிட்டதான் சொல்வேன். இப்போ சொன்னா ஜெபத்துல வெச்சிடுவார்.