தூதுவளை சொல்தா தும்மிய நாள்

எங்கள் தெருவில் ஆறு ஆண்டுகளாக யாரும் துணிந்து தும்மியதில்லை. தும்மல் வருவது தெரிந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவோம். அப்படியும் சில தும்மல்கள் தப்பிவிடும். தப்பிய தும்மல் தெருவுக்குப் போவதற்கும், எவர்சில்வர் சொம்போடு தூதுவளை சொல்தா வாசலில் வந்து நிற்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் ஒருமுறை கடிகாரம் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து நொடி. கஷாயத்தைச் சூடு பண்ணிய நேரமும் அதில் அடக்கம்.

பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே சொல்தா. வயது எழுபத்து நான்கு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் பத்ரிக் பிரான்சில் வேலையில் இருந்தார். வீட்டில் இவர் மட்டும். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. கீழே விழுந்த சாவியை எடுப்பதென்றாலும் குனிய மாட்டார். நிமிர்ந்தபடியே குந்தி உட்கார்ந்து, சாவியை எடுத்து, கையூன்றாமல் எழுந்துவிடுவார்.

ஜன்னல் கம்பி முழுக்கத் தூதுவளைக் கொடியை ஏற்றி வைத்திருந்தார். அதன் முள்ளுக்குப் பயந்து தபால்காரர்கூடத் தெரு நடுவில் நின்று குரல் கொடுப்பார். பழைய பெயிண்ட் டப்பாக்களில் துளசி, கற்பூரவல்லி, ஆடாதொடை, நிலவேம்பு. இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளிப் போட்டு, மிளகு தட்டிப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவைத்தால் அவருடைய கஷாயம். அதைக் குடித்தால் சளி போகுமா என்று தெரியாது. இரண்டாவது தடவை குடிக்க வேண்டுமே என்ற பயத்தில் சளி தானாகவே போய்விடும்.

“கொஞ்சம் வெல்லம் போடக்கூடாதா முசியே?” என்று ஏழுமலை ஒருநாள் கேட்டுவிட்டார். நேரில் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

“வெல்லம் போட்டா சளி எதுக்குடா போவும்? விருந்துன்னு நெனச்சிக்கினு அங்கயே குந்திக்கும். குடி.”

ஏழுமலை முன்பு மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். மில் தறிகளின் சத்தத்துக்கே அசராதவர் அந்த ஒரு டம்ளரின் முன்னால் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் சொல்தாவிடம் மாட்டிக்கொண்டது சர்க்கரையால். சர்க்கரை வரம்பில் வந்து நிற்கிறது, நடங்கள், சோற்றைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். இதை நான் மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு வாசலில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது.

“எத்தன கரண்டி சோறு துன்ற?”

“எண்ணினதில்ல முசியே.”

“ஆபீஸ்ல எல்லாத்தையும் எண்ணி எண்ணி எழுதுவியாமே. தட்ட மட்டும் எண்ண மாட்டியா? இனிமே பாதித் தட்டு காய், கீரை. மீதியிலதான் சோறும் கொழம்பும் மீனும் சண்ட போட்டுக்கணும். இப்ப செருப்ப மாட்டு.”

“டாக்டர் மாத்திரை எழுதினா?”

“முழுங்கு. அவரு டாக்டரு, நான் சொல்தா. அவரு வேலயில நான் கை வெக்க மாட்டேன். நடக்க வெக்கிறது என் வேல.”

அவர் படையில் அப்போது ஏழுமலையும் நானும் உட்பட ஐந்து பேர். ஐந்து பேரையும் சேர்த்துப் பத்தாய்யோன் என்பார். பிரெஞ்சில் பட்டாளம் என்று பொருள். தெருவிலிருந்து கடற்கரைச் சாலைவரை போக வேண்டும், காந்தி சிலையைத் தொட்ட கணக்கில் திரும்ப வேண்டும். முன்னால் அவர், பின்னால் நாங்கள். “அன், தே, அன், தே” என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணிக் கைத்தடியால் தாளம். யாராவது பின்தங்கினால் “அலே, அலே”, நட நட என்று அதட்டல். நாய்கள்கூட நாளடைவில் அவருடைய அலேக்கு எழுந்து வழிவிட்டன. வீடு திரும்பியதும் ஆளுக்கு இருபது தடவை தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ வேண்டும். முதல் நாள் நான் ஒரு தடவைதான் எழுந்தேன். அதுவும் ஏழுமலை தூக்கிவிட்டதில்.

யார் வந்தார், யார் தாமதம், ஏன் என்பதை ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்து ‘செக்ரெத்தேர்’ என்று பட்டமும் சூட்டினார். தினம் எழுதினேன். மூன்று மாதத்தில் பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிற்று. சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர், என்ன செய்தீர்கள் என்றார். பட்டாளத்தில் சேர்ந்தேன் என்றேன். அவர் என்னை நம்பாமல் இரத்த அழுத்தம் பார்த்தார்.

கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு ரொட்டிக்கடை உண்டு. காலை ஆறரைக்கு முழநீள ரொட்டிகள் அடுப்பிலிருந்து வெளியே வரும். அந்த வாசனைக்குள் ஐந்து பேரை ஒழுங்காக நடத்திக்கொண்டு வருவது எந்தப் போரையும்விடக் கடினம் என்று சொல்தாவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால் கடைக்கு இருபது அடி முன்பே எதிர்ச்சாரிக்கு மாறச் சொல்வார். ஒருநாள் ஏழுமலை செருப்பு வாரைச் சரிசெய்வதாக நின்று, ஆறு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார். கையில் மடக்கிய குடை.

“மழ வருதா ஏழுமல?” என்றார் சொல்தா.

“வரலாம் முசியே.”

வானத்தில் ஒரு மேகம் இல்லை. குடையின் வாயிலிருந்து பொன்னிறத்தில் ஒரு முனை எட்டிப் பார்த்தது. சொல்தா அதை உருவினார். இன்னும் சூடாக இருந்தது. மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

“ஒரு முழு ரொட்டி, ஒத்த ஆளுக்கு, வெறும் வெண்ணெயோட. அதானே பிளான்?”

“வெண்ணெ இன்னும் வாங்கல முசியே.”

சாப்பாட்டை எறியும் பழக்கம் அவருக்குக் கிடையாது. தன் வீட்டுக்கு அழைத்துப் போய் முளைக்கீரையைப் பூண்டு போட்டுக் கடைந்தார். ரொட்டியை ஆறாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு, அதன்மேல் ஒரு குன்று கீரை. இதுதான் தண்டனை என்றார். அந்தத் தண்டனை அவ்வளவு ருசியாக இருந்ததால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருமே குடை எடுத்துக்கொண்டு போனோம். அதன்பின் அது வாரா வாரம் நடந்தது. சொல்தா இரண்டாவது துண்டு கேட்பதையும் நோட்டில் குறித்தேன். அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை.

தெருவில் அவர் அதிகாரம் செல்லாத ஒரே ஆள், மீன் விற்கும் அம்சா அக்கா. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தலைச்சுமையாகவே தெருத்தெருவாக வருபவர். சொல்தா எங்கள் வீட்டுப் பெண்களிடம், வஞ்சரம் வேண்டாம், கவளை வாங்குங்கள், வறுக்காதீர்கள், குழம்பு வையுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்.

“உன்னால என் வஞ்சரம் போணியாவல முசியே,” என்றார் அம்சா அக்கா. “வாயக் கட்டறது உன் வாயோட நிறுத்திக்க.”

“மதாம், நீங்களும் காலைல நடக்க வரலாமே.”

“நானா? கூடைய தலைல வெச்சிக்கினு எட்டு தெரு சுத்தறேன். நீ வேணா என் பின்னால வா, தாளம் போட்டுக்கினு.”

சொல்தா குதிகால்களைச் சேர்த்து அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதில் கேலி இல்லை.

போன மார்கழியில், கடற்கரைச் சாலையில் படையை நிறுத்தி அவர் ஒரு செய்தி சொன்னார். பத்ரிக் பத்து நாள் விடுப்பில் வருகிறார். போகும்போது அப்பாவையும் கையோடு கூட்டிப்போக டிக்கெட் எடுத்துவிட்டார். வீடியோவில் பேசும்போது அப்பா இரண்டு முறை இருமியது மகன் காதில் விழுந்திருக்கிறது.

“ஒடம்பு நல்லா இருக்குன்னு அவன் கண்ணால பாத்தா டிக்கெட்ட திருப்பிடறேன்னு சொல்லியிருக்கான்,” என்றார். “போன தடவ மூணு மாசம் அங்க இருந்து பாத்துட்டேன். லிஃப்ட்ல ஏறணும், எறங்கணும். பால்கனில தொட்டி வெக்கக்கூடாதாம். அங்க நான் அவன் அப்பாரு, அவ்ளோதான். இங்க நான் சொல்தா. அதனால பத்து நாளு நான் தும்மக்கூடாது. புரியுதா?”

அவர் தும்முவார் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் மகன் வருவதற்கு மூன்று நாள் முன்பு தூறலில் நனைந்தபடி நடந்தோம். தெருமுனையில் “அன், தே” என்று ஆரம்பித்தவர், அடுத்த அன்னுக்குப் பதிலாகத் தும்மினார். பெரிய தும்மல். ஐந்து பேரும் அப்படியே நின்றுவிட்டோம். சாயந்திரம் காய்ச்சல் நூற்றொன்று.

ஏழுமலை தன் ஆட்டோவில் டாக்டரிடம் அழைத்துப் போனார். மாத்திரையைச் சொல்தா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு நானும் ஏழுமலையும் அவர் சமையல்கட்டில் நுழைந்து, அவர் எங்களுக்குச் செய்த அளவு மாறாமல் கஷாயம் வைத்தோம். கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒரு வாய் குடித்தார். முகம் நான்கு பக்கமும் இழுத்துக்கொண்டது.

“இன்னாடா இது?”

“உங்க மருந்துதான் முசியே,” என்றார் ஏழுமலை.

“இல்ல. எதோ மாத்திப் போட்டுட்டீங்க.”

“இதே எல, இதே அளவு. செக்ரெத்தேர் எடை போட்டுத்தான் போட்டாரு.”

சொல்தா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருக்கு உடம்புக்கு வந்ததே இல்லையாம். வராததால் தன் கஷாயத்தை அவர் ஒருநாளும் குடித்ததில்லை.

“இதயா ஆறு வருஷமா குடிச்சீங்க?”

“நீங்க டம்ளர் காலியாவற வரைக்கும் நின்னு பாப்பீங்களே,” என்றேன்.

“ஒருத்தன்கூட சொல்லலியேடா.”

“சொன்னேனே. வெல்லம் கேட்டேனே,” என்றார் ஏழுமலை.

சொல்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் குடித்து முடித்தார். அவரை நான் மிகவும் மதித்தது அந்த நிமிடம்தான்.

மகன் வந்த அன்று காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பில் தெம்பு இல்லை. ஆனாலும் மழுங்கச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நிமிர்ந்து நின்றார். பத்ரிக் பெட்டியை இறக்குவதற்குள் “பாரு” என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து எழத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் தொடை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பத்ரிக் அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். “அண்ணா, உண்மைய சொல்லுங்க. பப்பாவுக்கு என்ன ஆச்சு?”

ஜன்னலில் தூதுவளைக் கொடிக்குப் பின்னாலிருந்து சொல்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் எனக்குப் பொய் வராது. பேசாமல் வீட்டுக்குப் போய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பத்ரிக் படியில் உட்கார்ந்து படித்தார். ‘ஏழுமலை ஆறு நிமிடம் தாமதம், காரணம் ரொட்டி’ என்ற இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தும்மல் ஒன்று, தெருமுனை. மாலை நூற்றொன்று, டாக்டர், ஏழுமலையின் ஆட்டோ. காலை ஏழு மணி நொய்க்கஞ்சி, அம்சா அக்கா. பகல் ரசம், என் வீடு. மாலை மறுபடி கஞ்சி, அம்சா அக்கா. காய்ச்சல் நூறு, கூட இருந்தது ஏழுமலை. இப்படி மூன்று நாள்.

“இந்த அம்சா அக்கா யாரு? சொந்தமா?”

“மீன் விக்கறவங்க.”

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அம்சா அக்காவே தூக்குவாளியோடு வந்துவிட்டார். “நீதான் புள்ளையா? ஓரமா நில்லுப்பா, கஞ்சி ஆறுது.”

பத்ரிக் ஓரமாக நின்றார். உள்ளே தன் அப்பா ஓர் அதட்டலுக்குப் பயந்து ஒழுங்காகக் கஞ்சி குடிப்பதை எட்டிப் பார்த்தபடி நின்றார்.

நான்கு நாளில் சொல்தா தேறிவிட்டார். ஐந்தாம் நாள் மகனையும் படையில் சேர்த்துக்கொண்டார். நாற்பத்தாறு வயதுப் பத்ரிக், பாதி வழியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, போனை எடுத்து எங்கள் எதிரிலேயே ஒரு டிக்கெட்டை ரத்து செய்தார்.

“அங்க உங்களுக்குக் காய்ச்சல் வந்தா, கஞ்சி வெக்க நான் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் வருவேன் பப்பா,” என்றார்.

சொல்தா கடலைப் பார்த்தபடி, “சரி, எழுந்திரு. ஒக்காந்தா கால் புடிச்சிக்கும்,” என்றார்.

பத்ரிக் ஊருக்குப் போய் இப்போது ஐந்து மாதம் ஆகிறது. காலை ஐந்து நாற்பதுக்குக் கைத்தடி தட்டுகிறது. முன்னால் அவர், பின்னால் நாங்கள். காய்ச்சலுக்குப் பிறகு அவர் நடை முன்போல இல்லை. காந்தி சிலைக்குப் போய்ச் சேர எட்டு நிமிடம் அதிகமாகிறது. அது அவருக்குத் தெரியாது. “இன்னாடா இப்பிடி மூச்சு வாங்கறீங்க, அலே, அலே,” என்று திரும்பித் திரும்பித் திட்டுகிறார். இத்தனை ஆண்டு அவர் நடத்திய நடையில் எங்கள் ஐந்து பேருக்கும் மூச்சு வாங்குவதே நின்றுவிட்டது. அவர் முன்னால் போகட்டும் என்றுதான் வேண்டுமென்றே வாங்குகிறோம்.