பூட்டானுக்கு நான் கொடுத்த அளவு

ஃபார்மில் காலியிடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அமெரிக்கா வந்த புதிதில் இரண்டு வருட அனுபவத்தை ரெஸ்யூமேயில் ஏழு வருடமாக ஊதி வேலை வாங்கியவன் நான். (என் செட் ஐ.டி. ஆசாமிகளில் யோக்கியர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்.) அந்தப் பழக்கம்தான் என்னைப் பூட்டான் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்தது.

எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்குப் பூட்டான் போகலாம் என்றவள் என் மனைவி சுதா. தேனிலவுக்குக் கொடைக்கானல் போனபோது நான் மூன்று நாளும் அறைக்குள் உட்கார்ந்து ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தேன். ஆல்பம் முழுக்க அவள் தனியாக நிற்கிறாள். ஒரு படத்தில் மட்டும் பக்கத்தில் குதிரை இருக்கிறது.

"எனக்கு வேற எதுவும் வேணாம். பாறை விளிம்புல ஒரு மானஸ்ட்ரி இருக்கே, அது பின்னாடி தெரியணும், முன்னாடி நாம ரெண்டு பேரும் நிக்கணும். ஒரே ஒரு போட்டோ. ப்ராமிஸ் பண்ணுங்க."

பண்ணினேன். அதுவும் சாதாரண டூரா? ஆளுக்குத் தகுந்தபடி அளவெடுத்துத் தைத்துத் தரும் சொகுசுப் பயணம். எங்கள் இரண்டு பேருக்கென்று ஒரு வழிகாட்டி, ஒரு கார், ஒரு டிரைவர். அளவெடுப்பதற்குப் பதினோரு பக்க ஃபார்ம் அனுப்பினார்கள். டெக்சாஸில், பேர்லேண்ட் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து நிரப்பினேன்.

'மலையேற்ற அனுபவம்?' பேர்லேண்ட் தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். நான் ஏறுவது ஆட்டிக் ஏணி ஒன்றுதான். அதுவும் வருடத்துக்கு இரண்டு தடவை, கொலு பொம்மையை இறக்குவதற்கும் திரும்ப ஏற்றுவதற்கும். 'பல வருடங்கள்' என்று எழுதினேன். 'தியானம்?' 'தினமும்.' 'பாதி வழிவரை குதிரை வேண்டுமா?' 'இருவருக்கும் தேவையில்லை.'

பதினைந்து வயது மகள் நித்யா பின்னால் நின்று படித்துவிட்டு, "அப்பா, திஸ் இஸ் நாட் யூ," என்றாள்.

"இதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?" என்றேன்.

ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தார்கள். தப்பான அளவைக் கொடுத்துவிட்டு டெய்லர்மேல் பழி போட முடியாது. மலையடிவாரத்தில் எங்கள் வழிகாட்டி சோனம் மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்களைப் போன்ற அனுபவசாலிகள் கிடைப்பது அபூர்வம் சார். எல்லாரும் போகும் பாதை உங்களுக்குப் போரடிக்கும். செங்குத்தான பாதையை ஏற்பாடு செய்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு பிட்சுவோடு ஒரு மணி நேரம் தியானம்."

சுதா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

தியானத்தில் பத்தாவது நிமிஷமே தூங்கிவிட்டேன். பிட்சு எழுப்பவில்லை. ஆழ்ந்த நிலைக்குப் போய்விட்டேன் என்று நினைத்தாராம். (சுதாவின் திருத்தம்: "குறட்டைதான் ஆழமா இருந்துச்சு.")

ஏற ஆரம்பித்த முக்கால் மணி நேரத்தில் முட்டி இரண்டும் ராஜினாமா கடிதம் கொடுத்தன. மூச்சு விசிலடித்தது. முதுகில் விறகுக் கட்டோடு ஒரு உள்ளூர் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

சோனம் பதறிப்போய் ஃபைலைத் திறந்தார். "சார், இதில் பல வருடங்கள் என்று..."

சுதா அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். நின்ற இடத்திலேயே நிதானமாகப் படித்தாள்.

"என்னங்க இது?"

"ஒரு ஃப்ளோல வந்துடுச்சு."

"குதிரை வேணாம்னு எனக்கும் சேர்த்து எழுதினீங்களா?"

நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இருபது வருடத்தில் அவள் கேட்டது ஒரு போட்டோ. அதையும் கெடுத்துவிட்டேன்.

எல்லாரும் திரும்பிவிடலாம் என்றார் சோனம். சுதா குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள். தெருப் பெண்களோடு தினமும் காலையில் வாக்கிங் போகிறவள் அவள். (அதை ஃபார்மில் எழுத எனக்குத் தோன்றவில்லை.) தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் போயிட்டு வரேன். நீங்க கீழ போய் தியானம் பண்ணுங்க. தினமும் பண்றதுதானே?"

சோனம் அவளோடு ஏறினார். டிரைவர் ஏறி வந்து என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார். அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் ஆறு கப் டீ குடித்தபடி மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகலில் சுதா முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"போட்டோ எடுத்தாச்சு," என்றாள். "ரெண்டு பேரும் இருக்கோம்."

இன்று அது எங்கள் ஹாலில் சோபாவுக்கு மேலே பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பின்னால் பாறை, பாறையில் மடாலயம். முன்னால் சுதா. அவள் தோளுக்குப் பக்கத்தில், தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்த ஃபார்ம். என் பெயரும் 'பல வருடங்கள்' என்பதும் துல்லியமாகத் தெரிகின்றன.

கொலுவுக்கு வரும் ஆன்ட்டிகள் சுண்டல் கிண்ணத்தோடு அதன் முன்னால் நிற்பார்கள். "ஏன், அப்பா வரலையா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்.

நித்யா அந்தத் தாளைக் காட்டுவாள். "ஹீ இஸ் ரைட் தேர், ஆன்ட்டி."