மாப்பிள்ளை வீட்டுச் சீமைப்புல்

விருத்தாசலம் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தபோது, மாப்பிள்ளை வீட்டுச் சீமைப்புல்லில் முக்கால்வாசி தோசைக்கல்லின்மேல் தேய்ந்து போயிருந்தது. மிச்சத்தைப் பந்தாகச் சுருட்டிச் சாம்பலில் தோய்த்து, பால் குண்டானின் அடிப்பிடிப்போடு முனியம்மாள் போராடிக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு அந்த மூட்டைய எடுத்த?"

"வெயில்ல கிடந்துதே ஐயா. பாத்திரம் தேய்க்கத்தான் வாங்கியாந்து போட்டுக்கீறீங்கன்னு நெனச்சேன்." அவள் குண்டானைத் திருப்பிக் காட்டினாள். "நல்லாத்தான் தேயுது. நடுநடுவுல நாரு வந்து வெரல்ல சுத்திக்கினு பேஜாரு பண்ணுது, அவ்ளோதான்."

"அது வெளிநாட்டுப் புல்லு. மாப்பிள்ளை வூட்டுது."

"ஏன், வெளிநாட்டுல பாத்திரம் தேய்க்க மாட்டாங்களா?"

சத்தம் கேட்டு ஓடி வந்த மகள் அன்புச்செல்வி முதலில் தோசைக்கல்லைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வாயைப் பார்த்தாள்.

"அப்பா, வாயில என்னா?"

"பல்லு வெளக்குற குச்சி. சன்னல் மேல கட்டா இருந்துது. வேப்பங்குச்சி மாதிரி கசக்கல, இதமா துவர்க்குதேன்னு நானும் உங்கம்மாவும் தெனம் ஆளுக்கு ஒண்ணா எடுத்தோம். இதான் கடைசி."

"அது ஆப்பிள் மரக் குச்சிப்பா. அதுங்க கடிக்கிறதுக்கு வச்சது."

'அதுங்க' என்று அவள் குறிப்பிட்டவை இரண்டு சின்சில்லாக்கள். எலியின் முகம், முயலின் காது, அணிலின் வால் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, அதன்மேல் சாம்பல் நிறப் பட்டுப் போர்த்தினாற்போன்ற வெளிநாட்டு மலைப்பிராணிகள். திண்டிவனத்து வெயில் அவற்றுக்கு ஆகாது. ஆகையால் வீட்டில் ஏசி இருந்த ஒரே அறையை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்தார் மூவரும் கூடத்து மின்விசிறியின் கீழ்ப் படுத்தனர்.

பிராணிகளின் உரிமையாளன் விழுப்புரத்து ராஜ்குமார். கணினி வேலை பார்ப்பவன். பெண் பார்க்க வந்த அன்றே அவனுக்கும் அன்புச்செல்விக்கும் பிடித்துப் போயிற்று. பிடிகொடுக்காதவர் அவன் தாயார் செண்பகம் மட்டுமே. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பதில்லை. நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். செண்பகம் அன்று தண்ணீரைக்கூடத் தொடாமல், "தகவல் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போய்விட்டார். சுடச்சுடப் போட்ட வாழைக்காய் பஜ்ஜி ஆறிப்போயிற்று. விருத்தாசலத்தின் நெஞ்சு மட்டும் இன்னும் ஆறவில்லை.

அதன்பிறகு விழுப்புரம் வீட்டில் ஏசி பழுதாயிற்று. ராஜ்குமாருக்கோ ஐதராபாத்தில் அலுவல். 'இங்கே கொண்டுவந்து விடுங்கள்' என்று அன்புச்செல்வி முந்திக்கொண்டாள்.

கூண்டை இறக்கி வைத்தபோது அவன் தெளிவாகவே சொல்லியிருந்தான்.

"மாமா, இது சாதாரண வைக்கோல் இல்ல. இந்தக் கம்பெனிப் புல்லு மட்டுந்தான் குடுக்கணும். அப்பாதான் மாசாமாசம் பாண்டிச்சேரிக்குப் போயி புல்லும் குச்சியும் வாங்கியாருவாரு. இதுங்களுக்குப் பல்லு வளந்துக்கினே இருக்கும். புல்லும் குச்சியும் இல்லன்னா ரொம்பக் கஷ்டம்."

பக்கத்தில் நின்ற அவன் தந்தை அப்பாதுரை, தம் செருப்பைப் பார்த்தபடியே தலையாட்டினார். பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

இப்போது புல்லும் இல்லை, குச்சியும் இல்லை. பிராணிகள் இளைத்துத் திரும்பினால், 'ரெண்டு எலியக் காப்பாத்தத் தெரியாத வூட்லயா பொண்ணு எடுக்கிறது?' என்று செண்பகம் ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடுவார். விருத்தாசலம் அந்த வாக்கியத்தை அவர் குரலிலேயே கேட்டார்.

ஆனாலும் அவர் தளரவில்லை. மாறாக, ஓர் உற்சாகம் அவரைப் பற்றிக்கொண்டது. "நம்ம ஊர்ல புல்லுக்கா பஞ்சம்? ஜல்தியா வந்துடறேன்" என்று வண்டியை உதைத்தார்.

பிரம்மதேசத்துக்குப் போய், அறுவடை முடிந்த களத்திலிருந்து பொன்போன்ற வைக்கோலைக் கட்டிக்கொண்டு வந்தார். சின்சில்லாக்கள் அதை முகர்ந்தன, தும்மின, பிறகு அதன்மேல் ஏறிச் சுகமாகப் படுத்துக்கொண்டன.

உடனே பச்சைத் தீவனப்புல்லை ஒரு சுமை கொண்டுவந்து இறக்கினார். அன்புச்செல்வி கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ஈரப்புல்லு திடீர்னு குடுத்தா வயிறு உப்பிடுமாம்பா" என்றாள். அந்தச் சுமை தெருமுனை ஆட்டுக்குப் போயிற்று. ஆடு மறுநாள் தன் சுற்றத்தையும் அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

மூட்டையில் அச்சிட்டிருந்த பாண்டிச்சேரிக் கடை எண்ணுக்கு விருத்தாசலம் பேசினார்.

"அந்தக் கம்பெனி சரக்கு வர்றது நின்னு ரெண்டு வருஷமாச்சு சார்."

"எங்க சம்மந்தி மாசாமாசம் உங்ககிட்டதானே வாங்கிக்கினு வர்றாரு?"

"எங்கிட்ட இல்ல சார்."

'பெரிய வாடிக்கையாளர்களுக்காகப் பதுக்குகிறான்' என்று விருத்தாசலம் முடிவுகட்டினார். இணையத்தில் தேடியபோது வேறொரு கம்பெனியின் புல் கிடைத்தது. அந்த விலைக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கிவிடலாம். அதுவும் ராஜ்குமார் திரும்பிய பிறகுதான் வந்து சேருமாம்.

மாலைக்குள் கூண்டிலிருந்த கடைசிப் புல்லும் தீர்ந்தது. பிராணிகள் இரண்டும் வைக்கோலைச் சீண்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டன.

"அந்தம்மாவ மாதிரியேதான்," என்றாள் விருத்தாசலத்தின் மனைவி சித்ரா. "அந்த வூட்டு எலிகூட நம்ம வூட்ல கை நனைக்காது போல."

மறுநாள் விடியற்காலையில் முறையிடுவதற்காகத் தெருமுனைப் பிள்ளையாரிடம் போனார் விருத்தாசலம். குருக்கள் பழைய மாலைகளைக் கழற்றி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று அருகம்புல் மாலை. நிழலிலேயே வாடி, காய்ந்தும் பச்சை மாறாமல், நுனி சுருளாமல், மூட்டையிலிருந்த சீமைப்புல்லின் உடன்பிறப்பைப்போல் கிடந்தது. விருத்தாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சாமி, இந்தப் பழைய மாலைய நான் எடுத்துக்கலாமா?"

"பேஷா எடுத்துக்கோங்கோ. குப்பைக்குப் போறதுதானே."

"நாளைக்கும் வரட்டுங்களா?"

குருக்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பிரார்த்தனையோ, நல்லபடியா முடியட்டும்" என்று விபூதியையும் சேர்த்துக் கொடுத்தார்.

காய்ந்த அருகம்புல்லைக் கொடுக்கலாம் என்று அன்புச்செல்வியின் கைப்பேசியும் ஒப்புக்கொண்டது. நாரை அறுத்து, பூவை நீக்கி, உதறிக் கூண்டுக்குள் வைத்தார்கள். பருத்த பிராணி முதலில் திரும்பியது. வந்து முகர்ந்தது. ஓர் இழையை இரு கைகளாலும் பிரசாதம்போல் ஏந்திக்கொண்டு, நறநறவென்று மெல்லத் தொடங்கியது.

மகளுக்கு முதன்முதலாகச் சோறூட்டிய நாளுக்குப் பிறகு, ஓர் உயிர் உண்பதைக் கண்டு விருத்தாசலம் இவ்வளவு பரவசப்பட்டதில்லை.

"சாப்புடுது சித்ரா, சாப்புடுது."

"தெரியுது. ஊரக் கூட்டாதீங்க."

அடுத்தது குச்சி. வேம்பு கூடாது, எலுமிச்சை கூடாது. மருந்தடிக்காத கொய்யா ஆகும் என்று படித்துச் சொன்னாள் மகள். கொய்யா மரம் பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜுடையது. ஆரோக்கியராஜோ திண்டிவனம்–விழுப்புரம் பேருந்தின் நடத்துனர்; செண்பகம் வசிக்கும் தெருவின் முனையில் நாள்தோறும் தேநீர் குடிப்பவர். விருத்தாசலம் அவர் வீட்டு ஏணியில் ஏறிக் கொம்பு ஒடித்துக்கொண்டிருந்தபோது, கீழிருந்து கேள்வி வந்தது.

"குச்சி எதுக்குண்ணே?"

உண்மையைச் சொன்னால் அது மாலைக்குள் விழுப்புரம் போய்ச் சேரும். ஆகவே, "ஒரு காரியம் இருக்குதுப்பா. வெளியில சொல்லாத" என்றார்.

நடத்துனரிடம் அவ்வாறு சொல்வது, ஒலிபெருக்கியின் வாயருகே இரகசியம் பேசுவதற்கு ஒப்பாகும். இரண்டொரு நாளில் செண்பகத்திடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, பொண்ணு ஜாதகத்துல எதுனா மறைச்சீங்களா?"

"என்னாம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?"

"விடிஞ்சா புள்ளையார் கோயில்ல அருகம்புல்லு மாலையும் கையுமா நிக்கிறீங்களாம். கொய்யாக் குச்சிய ஒடிச்சிக் கட்டுக்கட்டா காய வச்சிருக்கீங்களாம். ஒரு ரூமுக்குள்ள யாரையும் வுடாம சாத்தியே வச்சிருக்கீங்களாம். என்னா தோஷத்துக்கு என்னா ஹோமம் நடக்குது?"

"ஹோமமெல்லாம் இல்லம்மா. எனக்கு முட்டிவலி. அதுக்கு ஒரு வேண்டுதல்."

"முட்டிவலிக்காரருதான் ஏணி போட்டு மரம் ஏறினீங்களாக்கும்?"

"அது... ஏறுறப்ப வலிக்காது. எறங்குறப்பதான்."

"ஞாயித்துக்கிழமை ராஜ்குமார் வந்துடறான். நாங்களும் கூட வர்றோம். அந்த ரூம நான் பாக்கணும்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அன்புச்செல்வி அறைக்குள் போய்க் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கொய்யாக் குச்சியை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைக் கதவிடுக்கில் கண்ட விருத்தாசலத்துக்கு, இல்லாத முட்டிவலி அப்போதே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, தண்ணீர் வந்தது. செண்பகம் எதையும் தொடவில்லை. அப்பாதுரை மனைவியைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல கதவத் தொறங்க அண்ணே."

கதவு திறந்தது. குளிர்ந்த அறையில் கொடிகட்டித் தொங்கின அருகம்புல் மாலைகள். கீழே கொய்யாக் குச்சிக் கட்டுகள். வேள்விச்சாலைக்கு ஒரு குண்டம் மட்டுமே குறை.

"முட்டிவலிக்கு இவ்ளோ மாலையா?" என்றார் செண்பகம்.

விருத்தாசலம் இன்னொரு பொய்யைத் தேடினார். தேடும்போதே மகளின் முகம் கண்ணில் பட்டது. பெண்ணுக்குத் தோஷம் என்னும் பேச்சு ஒருமுறை பேருந்தில் ஏறிவிட்டால், பிறகு எந்த நிறுத்தத்திலும் இறங்காது.

"அம்மா, என் பொண்ணு ஜாதகத்துல ஒரு குத்தமும் இல்ல. குத்தமெல்லாம் எங்க மேலதான். உங்க வூட்டுச் சீமைப்புல்லுல பாத்திரம் தேய்ச்சிட்டோம். ஆப்பிள் குச்சியில பல்லு வெளக்கிட்டோம். சொல்ல பயந்துக்கினு, கோயில்ல கழிச்ச மாலையும் பக்கத்து வூட்டுக் கொய்யாவும் குடுத்து அதுங்கள வளத்தோம். இதான் ஹோமம்."

கூண்டுக்குள் நறநறவென்னும் ஓசை மட்டும் தொடர்ந்தது.

ராஜ்குமார் மண்டியிட்டு, பருத்ததை வெளியே எடுத்து உதட்டை விலக்கிப் பார்த்தான். "அம்மா, பல்லு நல்லா தேஞ்சிருக்குது. உடம்பு பூசினாப்புல இருக்குது. எப்பவும் சாப்புடற மாதிரியே சாப்புடுது."

செண்பகம் ஒரு மாலையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்ளோ செலவாச்சு அண்ணே?"

"குருக்களுக்கு ஒரு கும்பிடும்மா. ஆரோக்கியராஜுக்கு ரெண்டு."

செண்பகம் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? புள்ள சம்பாத்தியத்த மாசாமாசம் பாண்டிச்சேரியில கொண்டு போயி கொட்டிட்டு வர்றீங்களே. ஒரு நாளாவது இப்படி யோசிச்சிருப்பீங்களா?"

வழக்கமாகச் செருப்பைப் பார்க்கும் அப்பாதுரை, அன்று கூரையைப் பார்த்தார்.

செண்பகம் கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கேசரித் தட்டைத் தம் பக்கம் இழுத்தார்.

"சிக்கனமா குடித்தனம் பண்ணத் தெரிஞ்ச வூடு. இந்த வூட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்." ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சித்ரா, பஜ்ஜி ஆறிடுச்சி. வேற ரெண்டு சூடாப் போடு."

சித்ரா அடுப்படிக்கு ஓடினாள். அன்புச்செல்வி எதற்கு என்றே தெரியாமல் அவள் பின்னால் ஓடினாள். ராஜ்குமார் சின்சில்லாவைத் தோளில் வைத்தபடியே நான்கு பஜ்ஜி தின்றான். அப்பாதுரை மட்டும் ஒரே பஜ்ஜியை நெடுநேரம், துக்க வீட்டில் உண்பவரைப்போல் மென்றுகொண்டிருந்தார்.

உண்டு முடித்ததும் கை கழுவ அவரைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனார் விருத்தாசலம். அங்கே முனியம்மாள் அந்தச் சாம்பல் தோய்ந்த சீமைப்புல் பந்தின் மிச்சத்தால் கேசரிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாதுரை அந்தப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு விருத்தாசலத்தின் காதருகே குனிந்து, அந்தச் சம்பந்தம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"ரெண்டு வருஷமா அந்த மூட்டையில நான் ரொப்பிக்கினு வந்ததும் எங்க ஊரு புள்ளையார் மாலையும் எங்க தெரு கொய்யாக் குச்சியுந்தான் சம்மந்தி, மாசத்துல ஒரு நாளு பாண்டிச்சேரியில நிம்மதியா உக்காந்துட்டு வந்தேன், அதுல இப்படி மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே."