முதல் ஞாயிற்றுக்கிழமை ஓனர்

தன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கத் தன்னிடமே அனுமதி கேட்டு, தானே மறுத்து, மறுத்தவர்மேல் மூன்று நாள் கோபமாக இருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அவருக்கு இணை கிடையாது. அதற்கு அப்பால் போய்த் தேட என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஓனர்'. கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மனைவி ஸ்டெல்லா, அவரைவிடப் பொறுமைசாலி. அவரோடு ஒப்பிட்டால் யாருமே பொறுமைசாலிதான் என்றாலும், ஸ்டெல்லாம்மா உண்மையிலேயே பொறுமைசாலி.

மண்ணூர்ப் பக்கம், வயல் மனையாகி, மனை தெருவான இடம் எங்களுடையது. பதினான்கு வீடுகள். பதினான்கிலும் முதல் முறையாகச் சொந்த வீடு கட்டியவர்கள். அடுத்த வீட்டுக்காரனாகிய நானும் அப்படித்தான். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணி எண்ணி ஓய்வு பெற்றவன். எண்ணுவதை நிறுத்தும்படி டாக்டர் யாரும் இதுவரை சொல்லவில்லை.

வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவனுக்குச் சொந்த வீட்டில் ஒரு வியாதி வரும். எது ஒழுகினாலும் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருப்பான். எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தபோது, "சொல்லி வெச்சிருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். "சொல்லணும்" என்றேன். யாரிடம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஐந்து வாரம் சொட்டியது. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு சொட்டு.

இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தவர்தான் ஓனர்.

ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு. செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கோயிலில் பூசை முடிந்து வந்தவர், ஸ்டெல்லாம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. நடந்து வந்து தன் வீட்டு பெல்லைத் தானே அடித்தார். ஸ்டெல்லாம்மா கதவைத் திறந்தார்.

"யாரு?"

"ஓனர்."

"வாங்க சார்." அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"இன்னாம்மா, பைப்பு சொட்டிக்கினு கீது? காதுல வுழல?"

"வாஷர் போயிருச்சி சார். எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். நாளைக்கு, நாளைக்குன்றாரு."

"உன் வூட்டுக்காரன் சரியில்லம்மா. சாயங்காலத்துக்குள்ள மாத்தச் சொல்லு. இல்லன்னா நான் வந்து பேச வேண்டியிருக்கும்."

சாவிக்கொத்தால் சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு வெளியேறினார். தெருமுனைக்குப் போய் வண்டியில் திரும்பி வந்தார். பத்தாவது நிமிடம் லுங்கியில், ஸ்பேனரோடு, குழாய்க்குக் கீழே மண்டியிட்டிருந்தார். "மாசம் பொறந்தா வந்துர்றான் மனுசன். ஒரு வார்த்த நல்லாப் பேசறானா?" என்ற முணுமுணுப்பு மதில் தாண்டிக் கேட்டது.

தலையில் ஏதும் அடிபட்டதோ என்று பயந்து போய் விசாரித்தேன்.

"சார், இருவத்திரண்டு வருசம் வாடகை வூடு. இருங்காட்டுக்கோட்டையில ஆரம்பிச்சி ஒம்பது வூடு மாறிக்கீறோம். ஒரு வூட்லகூட பைப்பு ஒழுகினதில்ல. ஏன்? ஓனர் வருவான்ற பயம். இப்ப சொந்த வூடு. பயமே இல்ல. பயம் இல்லாத வூடு எத்தினி நாளு சார் நிக்கும்?"

அந்த ஒன்பது வீட்டு ஓனர்களில் ஒன்பதாவது ஆள்தான் மகா கண்டிப்பு. சாவியால் சுவரைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கமாம். அவரைத்தான் இவர் அப்படியே நடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒரு நல்ல ஓனரா வெச்சுக்கலாமே?" என்றேன்.

"நல்ல ஓனர் பேச்ச எவன் சார் கேப்பான்?"

செய்தி பரவியது. "எங்க வூட்டுக்கும் வந்து ஒரு தபா திட்டிட்டுப் போங்களேன்" என்று முதலில் மூன்று வீட்டார் கூப்பிட்டார்கள். நான்கே மாதத்தில் தெரு முழுவதுக்கும் அவரே ஓனர். முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவும் சத்தத்தில் தெருவில் பேச முடியாது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் ஏறும். ஒரு வீட்டில் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். "எத்தினி பேரு தங்கிக்கினு கீறீங்க?" என்று ஓனர் கேட்ட வேகத்தில் மருமகன், "நாலே பேருதான் சார்" என்று சொல்லிவிட்டார். ஐந்தாவது ஆளைக் குளியலறையில் வைத்துத் தாழிட்டிருந்தார். ஓனர் போன பிறகு வெளியே வந்த அந்த அம்மாள், "மாப்ள, இது உங்க சொந்த வூடுதானே?" என்று கேட்டார்.

என் வீட்டில் ஓனர் நேராக மொட்டை மாடிக்குப் போனார். ஓனராக வரும்போது நான் 'பெரியவரே'. லுங்கியில் வந்தால்தான் 'சார்'.

"பெரியவரே, இன்னா இது கைப்பிடிச் செவுத்துல?"

"ஏதோ செடி. தானா முளைச்சுது. பச்சையா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அரச மரம் அது. இன்னும் ரெண்டு வருசம் வுடுங்க. கீழ புள்ளையார வெச்சிரலாம். நீங்களே பூசாரியா உக்காந்துக்கலாம், ரிட்டயர் ஆன ஆளுக்குப் பொழுதும் போவும்."

அன்றைக்கே வேரோடு பிடுங்கினேன். வேர் என் முழங்கை நீளம் இருந்தது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் முப்பத்தொரு சருகுகள். எடுத்தேன். அந்த ஐப்பசியில் பதினான்கு மாடிகளிலும் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

எல்லா வீட்டையும் காப்பாற்றியவர் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார்.

அவர்கள் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் குளியலறை. சுவரில் ஓதம் கண்டது. பெயின்ட் அடித்தார்கள். முதலில் இலங்கை அளவில் இருந்த ஓதம், இரண்டாவது பூச்சுக்குப் பிறகு ஆஸ்திரேலியா ஆனது. ஸ்டெல்லாம்மாவுக்கு அந்த அறையில் படுத்தால் இளைப்பு வந்தது. மூச்சு விடும் சத்தம் எங்கள் ஜன்னல் வரை கேட்கும். சுவருக்குள் குழாய் கசிகிறது, டைல்ஸை உடைத்தால்தான் சரியாகும் என்று பிளம்பர் சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு ஓனரிடம் முறையிட்டார் ஸ்டெல்லாம்மா.

"ஒடைக்கறதா? என் செவுத்தயா? இன்னாம்மா பேசற? பெயின்ட் அடிச்சிக்கோ."

"அடிச்சாச்சி சார். ரெண்டு கோட்டு."

"மூணாவது கோட்டு அடி."

சாயங்காலம் லுங்கியில் என் வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். "கல்நெஞ்சக்காரன் சார் அவன். பொம்பளைக்கு மூச்சு எளைக்குது, அவனுக்குச் செவுரு பெருசாப் பூடுச்சி."

"அது நீங்கதானே?"

"அதான் சார் வேதனையே."

அடுத்த மாத முதல் ஞாயிறு. ஸ்டெல்லாம்மா கதவைத் திறந்ததும், "சார், நாங்க வூட்ட காலி பண்றோம்" என்றார்.

"பண்ணு. பத்து பேரு க்யூல நிக்கறாங்க."

மத்தியானமே 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று அட்டையில் எழுதி கேட்டில் கட்டிவிட்டார் அந்த அம்மாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஸ்டெல்லாம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வராந்தாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். திங்களன்று இரண்டு சாக்கு, புதனன்று ஐந்து. விளையாட்டுக்கு ஐந்து சாக்கு யாரும் கட்டமாட்டார்கள்.

என் மனைவி போய்ப் பேசிப் பார்த்தாள்.

"வெளாட்டு இல்லக்கா," என்றார் ஸ்டெல்லாம்மா. "செவுரு அவருதா இருக்கட்டும். மூச்சு என்னுது."

வியாழக்கிழமை அட்டையைப் பார்த்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம். இருவருக்கும் செல்போன் கம்பெனியில் வேலை. ஓனர் அவசரமாக வேட்டி கட்டிக்கொண்டு வீட்டைக் காட்டினார். அந்தப் பெண் படுக்கையறைச் சுவரில் கை வைத்தவள், சுடு பாத்திரத்தைத் தொட்டதுபோல் எடுத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்களேன், எம்புட்டு ஈரம்!"

கணவன் தொட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. இதுக்கு முன்னால இங்க இருந்தவங்க எப்படித்தான் இருந்தாங்க?"

முன்னால் இருந்தவர் சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஓனர் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் கேட்டில் வந்து நின்றவரைப் பார்த்துத் திகைத்தேன். மேலே வெள்ளைச் சட்டை, கீழே லுங்கி. மேல் பாதி ஓனர், கீழ் பாதி குடித்தனக்காரர்.

"சார், ஸ்டெல்லா நெஜமாவே பூடுவா போலக் கீது. நானும் எவ்ளோ சொல்லிப் பாத்துட்டேன், அந்த ஆளு எறங்கி வரமாட்டேன்றாரு. நீங்க ஒரு நாளைக்கு ஓனரா வாங்க."

"நானா? எனக்குத் திட்ட வராதே!"

"திட்டவே வேணாம். 'ஒடைச்சிக்கோ'ன்னு ஒரு வார்த்த. அத நான் சொன்னா அவரு ஒத்துக்க மாட்டாரு சார்."

சாவிக்கொத்தை என் கையில் வைத்து மூடினார்.

மறுநாள் காலை. பிரஷர் மாத்திரை போட்டேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். மனைவி சட்டைக்கு இஸ்திரி போடும்போதே சிரித்துச் சிரித்துக் காலரைக் கருக்கிவிட்டாள். பதற்றத்தில் பெல்லை இருமுறை அடித்துவிட்டேன். "ஓனர் ஒரு தபாதான் சார் அடிக்கணும்" என்று உள்ளேயிருந்து கிசுகிசுப்பு வந்தது.

கதவு திறந்தது. லுங்கியில், கைகட்டி நின்றார். பின்னால் சுத்தியலோடு பிளம்பர். சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை எனக்கு மறந்துவிட்டது. எது மறந்தாலும் எனக்கு வருவது ஒன்றுதான்.

"எத்தனை டைல்ஸ் உடையும்?"

"பன்னெண்டு போவும் சார்," என்றார் பிளம்பர்.

ஸ்டோர்ஸில் பன்னிரண்டு போல்ட் கேட்டவனுக்குப் பதினொன்று கொடுத்து, மிச்சம் ஒன்று எதற்கு என்று எழுதித் தரச் சொன்னவன் நான்.

"பதினாறு உடைச்சுக்கோங்க."

"பதினாறா சார்?" ஓனர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"பதினாறு. சுவர் என்னோடது."

பிளம்பர் சுத்தியலை ஓங்கினார். ஓனர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் ஸ்டெல்லாம்மா வந்து சுத்தியலை வாங்கி முதல் அடியைத் தானே போட்டார். இரண்டு மாதத்து ஆத்திரம் அதில் இருந்தது. மூன்று டைல்ஸ் ஒரே அடியில் விழுந்தன. உள்ளே குழாய் வளையும் இடத்தில் ஒரு விரிசல். நூல் மாதிரி தண்ணீர்.

ஓனர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தினூண்டுக்கா?" என்றார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. உடைந்தது பதின்மூன்று. ஸ்டெல்லாம்மா கையைக் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப ஓனர் சார், நாங்க இங்கயே இருந்துக்கட்டுமா?"

நான் அவர் கணவரைப் பார்த்தேன். நான் மறுத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்து, வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கம்மா. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க."

திங்கட்கிழமை வராந்தாவில் ஒரு சாக்குகூட இல்லை. சுவர் காயக் காய ஸ்டெல்லாம்மாவின் இளைப்பும் அடங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு இப்போது ஸ்டெல்லாம்மாதான் ஓனர். அவர் சத்தம் போட்டுத் திட்டுவது மாதம் ஒரு முறை எங்களுக்குக் கேட்கிறது.

மற்றப் பதின்மூன்று வீடுகளுக்கும் பழையவரே வருகிறார். ஆனால் என் வீட்டில் இப்போதெல்லாம் குறை அகப்படுவதில்லை. இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம், மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்து, ஜன்னல் தாழ்ப்பாளில் ஒரு திருகைத் தளர்த்தி வைத்துவிடுகிறேன். அதை அவர் கண்டுபிடித்து, என்னை உட்காரவைத்துத் திட்டி முடிப்பதற்குள் எப்படியும் ஒரு காபி குடித்துவிடுவார்.