ஆறாம் சேனல் அதிகாரி

அலைவரிசை அதிகாரி என்றொரு இனம் உண்டு. அரசாங்கம் நியமித்ததல்ல, தன்னைத் தானே நியமித்துக்கொண்டது. உங்கள் கட்டடத்திலும் ஒன்று இருக்கும். தேடிப் போக வேண்டாம், அதுவே வந்து கதவைத் தட்டும்.

எங்கள் நான்காம் மாடிக்காரர் போனும் கையுமாக அலைந்து, அதில் ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டி, எந்த வீட்டு வைஃபை எந்த வீட்டு வைஃபையின் காலை மிதிக்கிறது என்று வீடு வீடாக விசாரணை நடத்தி, ஒன்று, ஆறு, பதினொன்று என்று ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு சேனல் எண் ஒதுக்கி, லிஃப்டுக்குள் பட்டியலும் ஒட்டிவிட்டார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

"நீங்க ஆறாம் சேனலுக்கு மாறணும்" என்றார், தமக்கு நேர் கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவிடம். அவரும் மறுபேச்சில்லாமல் டிவியை ஆறில் வைத்தார். ஒரு வாரமாக அங்கே செய்திதான். "சீரியல் போச்சு. கட்டடத்துக்கு நல்லதுங்கறாரே, என்ன பண்றது?"

அந்த அம்மாவின் மகளுக்கு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். இரண்டு வருடம் வேலை தேடி அலைந்து கிடைத்த முதல் அழைப்பு. அதிகாரி சும்மா இருப்பாரா? காலையிலேயே ஆஜர்.

"அங்கிள், தினமும் பதினொரு மணிக்கு உங்க வீட்டுல..."

"இரும்மா. வைஃபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பேசறதுக்கு முன்னாடி கேக்கும். வேற யாராவது பேசிட்டிருந்தா வாயை மூடிட்டுக் காத்திருக்கும். அதான் சட்டம்."

"அதில்ல அங்கிள், உங்க..."

"சட்டத்தை முழுசா கேளு."

முழுசாகக் கேட்டாள். அவரும் மாடி மாடியாக ஏறி மற்ற எல்லார் வைஃபையையும் அணைக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

மணி பதினொன்று. கேள்வி கேட்டவர் திறந்த வாயோடு திரையில் உறைந்தார். பெண் மேல்வீட்டைக் கை காட்டினாள். அம்மா மாடிக்கு ஓடினார். அங்கே அதிகாரி போனை முறைத்து, "எவனோ அலையைக் கெடுக்கறான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் யார் பேச்சையும் கேட்காமல் வைஃபையின் அலையிலேயே இரையும் அரதப்பழசான மைக்ரோவேவ் அடுப்பு அவருடைய பதினொரு மணித் தேநீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

கீழே உறைந்திருந்த படம் மறுபடி ஓடியது. வேலையும் கிடைத்தது. மறுநாள் லிஃப்டில் புது அறிவிப்பு: 'நமது சேனல் திட்டத்துக்கு முதல் வெற்றி.'

சிரிக்கிறீர்களா? நல்லது. இதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஏதோ சொல்ல வந்தாரே, "இரு, முடிச்சுடறேன்" என்றீர்களே, அவர் என்ன சொல்ல வந்தார்?