இரண்டாம் எண் தலையணை உறை

இந்த முறை என் தலைக்கு நான்தான் அதிகாரி என்று முடிவு செய்தேன். கழுத்துக்குக் கீழே உள்ள பகுதிகள் கல்யாணமான அன்றே கைமாறிவிட்டன. என்ன உடுத்த வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் எல்லாம் என் மனைவியின் இலாகா. முடி கொட்டிப்போன இந்த உச்சி மட்டும்தான் மிச்சம். அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலையிலிருந்து எட்டுப் பேர் மலையேறப் போகிறோம். நான்கு நாள். முதுகில் மூட்டை, கூடாரத்தில் தூக்கம், உச்சியில் பனி. ஐம்பத்து நான்கு வயதில் என்னையும் சேர்த்துக்கொண்டார்களே என்று ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

தடை ஒன்றே ஒன்று. என் காது. குளிர்காற்று பட்டால் உள்ளே யாரோ ஆணி அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். போன குளிர்காலத்தில் டாக்டர் என் காதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் பேசினார். என் காதைப் பற்றி என்னிடம் பேசலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“காதை மூடினாத்தான் மலை,” என்று சொல்லிவிட்டாள் அவள்.

சொன்னதோடு நிற்கவில்லை. பதினொரு நாளில் ஒரு குல்லா பின்னினாள். குரங்குக் குல்லா. தலை, காது, தாடை, கழுத்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, கண்ணையும் மூக்கையும் மட்டும் போனால் போகிறதென்று வெளியே விட்டுவைக்கும் வகை. மகள் பள்ளிக்கூடத்தில் போட்ட பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த நூல். பாதி மெரூன், பாதி பச்சை. மகள் கல்யாணமாகிப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஸ்வெட்டர் மட்டும் அலமாரியில் கைகளை மடித்துக்கொண்டு காத்திருந்தது.

போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது என் முகம்.

“எப்படி இருக்கு?”

“சூடா இருக்கு.”

“அழகா இருக்கான்னு கேட்டேன்.”

“அதான் சொன்னேனே, ரொம்பச் சூடா இருக்கு.”

எங்கள் எட்டுப் பேரில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரை ‘கேமரா’ என்றுதான் கூப்பிடுவோம். ஒருவர் தும்மினால், மூக்கைத் துடைப்பதற்குள் படம் ஆபீஸ் குழுவில் வந்துவிடும். அவர் கண்ணில் இந்தக் குல்லா பட்டால் அவ்வளவுதான். ஓய்வு பெறும் நாள் வரை நான் மெரூன் பச்சைதான்.

ஆகவே ரகசியமாக ஒரு தொப்பி வாங்கியிருந்தேன். நீலம். மலையேறும் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே வெல்வெட் போல ஒரு துணி, காதை மூட இரண்டு மடிப்பு. வியர்வையை வெளியே தள்ளும், குளிரை உள்ளே விடாது என்றார் கடைக்காரர். அதைப் போட்டால் ஏதோ ஒரு சிகரத்திலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவன்போல் இருந்தேன். ஷூ பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன். மறுநாள் அது சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது.

“இது என்ன, பாத்திரம் துலக்கற துணியா?”

“மலையேறுறவங்க போடுற தொப்பி.”

“இவ்வளவு மெல்லிசா இருக்கு. காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடுமே!”

“நடுவுல என் தலை இருக்கே.”

“அது ஒரு தடையா?”

வாய்ப் பேச்சில் அவளை வெல்ல முடியாது. அதனால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் தெர்மாமீட்டர் சரிபார்ப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போனதில்லை. அரை டிகிரியைக்கூட நான் தவறாகப் படித்ததில்லை.

“ரெண்டையும் சோதிச்சுப் பார்ப்போம். ரெண்டு சொம்புல வெந்நீர். ஆளுக்கொரு தொப்பி. ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு மணி நேரம். எது சூட்டைக் காப்பாத்துதோ அதுதான் மலைக்குப் போகும்.”

“எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“தாராளமா.”

“அப்ப எந்தச் சொம்புல எந்தத் தொப்பின்னு அளக்கறவருக்குத் தெரியக் கூடாது. எங்க ஸ்கூல்ல விடைத்தாள்ல பேரை மறைச்சுத்தான் திருத்தக் குடுப்போம்.”

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

“நிறைய இருக்கு. அதனாலதான் மறைக்கிறேன்.”

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தேர்வறைக் கண்காணிப்பாளர். துண்டுச் சீட்டு எந்தக் காலுறைக்குள் இருக்கிறது என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இதை நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். நான் குரங்குக் குல்லாவின் உச்சியில் ஒரு குண்டூசியை உள்ளிருந்து வெளியே குத்தி வைத்தேன். எந்த உறைக்குள் போட்டாலும் முனை துணியைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். இரண்டு முறை என் விரலிலேயே குத்திக்கொண்டேன். குற்றம் எனக்குப் புதிது.

பிறகு அவள் என்னை அடுப்படியிலிருந்து வெளியேற்றினாள். சொம்புகளுக்குத் தொப்பி மாட்டி, சுற்றிலும் காகிதம் கசக்கிப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தலையணை உறைக்குள் இறக்கினாள். உறைகளில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த காய்கறி முழுவதும் தரையில் குடியேறிவிட்டது.

“தொடாதீங்க. பார்த்தா போதும்.”

பார்த்தேன். இரண்டாம் எண் உறையின் உச்சியில் எள்ளளவு மின்னியது. என் மனசும் மின்னியது.

தெர்மாமீட்டரின் ஒயர்கள் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தன. நான் எண்களைப் படிக்க, அவள் தூரத்து நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தாள். ஐஸ் கேட்டு வந்த எதிர்வீட்டு நர்ஸ், தரையிலிருந்த காய்களைத் தாண்டி வந்து நின்றாள்.

“என்னக்கா இது, வீடு மாத்துறீங்களா?”

“இல்லடி. உங்க அண்ணன் தலைக்குப் பரீட்சை நடக்குது. சாட்சிக்கு உட்காரு.”

பத்தாவது நிமிடம். ஒன்றில் ஐம்பத்து நான்கு. இரண்டில் ஐம்பத்தேழு.

“ஒன்று, ஐம்பத்து நாலு. இரண்டு, ஐம்பத்தி ரெண்டு,” என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் முதல் பொய்யான அளவு. இடி விழவில்லை. அவள் குனிந்து எழுதினாள்.

அரை மணி. ஒன்றில் நாற்பத்தெட்டு. இரண்டில் ஐம்பத்து மூன்று. எத்தனை நன்றாகச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது அவள் பின்னிய குல்லா! பழைய நூல்தான். ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் அவள் விரலின் சூடு இருக்கிறதே. மகள் ஓடி விளையாடிய வருடங்களின் சூடும் அதற்குள் இருக்கிறதே. கடையில் வாங்கிய தொப்பிக்கு இது வருமா? பாவி, இப்படிப்பட்ட குல்லாவையா காட்டிக்கொடுக்கிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே கேமராவின் முகமும் நினைவுக்கு வந்தது.

“இரண்டு, நாற்பத்தி மூணு,” என்றேன்.

“இவ்வளவு வேகமா இறங்குதா?”

“அறிவியல்மா. நான் என்ன பண்ணட்டும்?”

ஒரு மணி. ஒன்றில் நாற்பத்து நான்கு. இரண்டில் சரியாக ஐம்பது. “முப்பத்தாறு,” என்று சொல்லிவிட்டு, துக்கம் விசாரிப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவள் நோட்டை நீட்டினாள். ‘இரண்டாம் எண் தோற்றது. தோற்ற தொப்பி வீட்டிலேயே இருக்கும்.’ கையெழுத்துப் போட்டேன், பெரிதாக, அடிக்கோடிட்டு. நர்ஸும் போட்டாள்.

“வருத்தப்படாதே,” என்றேன். “நீ பின்னினது அழகுதான். மலைக்குத்தான் தாங்காது.”

“எனக்கென்ன வருத்தம்? பிரிச்சுப் பாருங்க.”

இரண்டாம் எண் உறையைப் பிரித்தேன். காகிதத்தை விலக்கினேன். சொம்பின் தலையில் நீலத் தொப்பி உட்கார்ந்திருந்தது. அதன் உச்சியில் என் குண்டூசி.

விலக்கிய காகிதத்தை மறுபடியும் உள்ளே திணிக்கப் பார்த்தேன்.

“என்னங்க, முகம் ஏன் இப்படிப் போகுது?” என்றாள் அவள், பரிவோடு. “ஏதாவது தப்பாப் படிச்சிட்டீங்களா? வேணும்னா திரும்ப அளந்துடலாம்.”

“தப்பா? நானா?”

“அதானே. இருபத்தாறு வருஷ சர்வீஸ்.”

“அண்ணன் எழுதிக் குடுத்தா ஃபாக்டரியே நம்பும்,” என்றாள் நர்ஸ்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தால் ஊசி வெளியே வரும். மூடிக்கொண்டேன். அவள் ஊசியைத் தொப்பியிலிருந்து உருவி, சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். “நல்ல ஊசி. யாரோ கீழ போட்டிருக்காங்க,” என்றாள். கையெழுத்துப் போட்ட தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. ஒரு வாரம் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது.

கிளம்பும் காலையில் பஸ் நிலையம் வரை வழியனுப்ப வந்தாள். வழியில் கழற்றிவிடுவேன் என்று தெரிந்து, குல்லாவின் கழுத்துப் பகுதியை நான் போட்டிருந்த ஸ்வெட்டரோடு சேர்த்து நாலு தையல் போட்டிருந்தாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் கேமரா பதினொரு படம் எடுத்துவிட்டார். “சார், மூக்கு மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம்,” என்று பன்னிரண்டாவதற்குத் தயாரானார். அதற்குள் ஆபீஸ் குழுவில் தலைமை மேனேஜர் தூரத்து ஊரிலிருந்து சிரிக்கும் பொம்மைப் படம் ஒன்று அனுப்பியிருந்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கீழே வந்து நின்றாள். தலையில் நீலத் தொப்பி. அவளுக்கு அது எடுப்பாகவே இருந்தது. அதுதான் கூடுதல் வேதனை.

“சும்மாத்தானே கிடக்குதுன்னு போட்டுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டேன்.”

“கேளு.”

“ரெண்டாம் நம்பர் நிஜமாவே எவ்வளவு காட்டுச்சு?”

பஸ் உறுமியது. இனி இழக்க ஒன்றுமில்லை. கம்பளி வழியாக உண்மையைச் சொன்னேன்.

“ஐம்பது.”

“அடக் கடவுளே!” என்று கூடவே நாலடி நடந்து வந்தாள் அவள். “அதை அப்படியே படிச்சிருந்தா இந்தத் தொப்பி இப்ப உங்க தலையில இருந்திருக்குமே!”